மஞ்சள் விளக்கும் கறுப்பு டேப்பும்

2025 நவம்பர் நடுப்பகுதியில் ஒருநாள் மாலை, டிக்கோயாவில் ஒரு தேநீர்க்கடை வாசலில் நிறுத்தப்பட்டிருந்த புத்தம்புதிய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்த்தேன். ஆசனத்தின் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை. கைபிடியில் பூசை போட்ட அன்று கட்டிய மாலை காய்ந்து தொங்கியது. எல்லாம் புதிது, ஆனால் மீட்டரின் ஒரு மூலையில் மட்டும் விரல் நகமளவில் கறுப்பு டேப் ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. வண்டியின் சொந்தக்காரர் எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பிள்ளை. ஹட்டனில் ஒரு கடையில் வேலை செய்கிறார்.

"இதென்ன தம்பி, புது வண்டியில டேப்பு?"

"மஞ்ச லைட்டு மாமா. நாலு நாளா எரிஞ்சிக்கிட்டே இருக்கு. ராத்திரியில கண்ணக் குத்துது, அதான் ஒட்டிட்டேன்."

"கம்பனிக்குக் கொண்டு போகலையா?"

"கண்டிக்குக் கொண்டாரச் சொல்றாங்க. கடைக்கு லீவு போட்டா அன்னைக்குச் சம்பளம் இல்ல. பைக்கு நல்லாத்தானே ஓடுது?"

வயதில் மூத்தவன் என்ற முறையில் நான் அவரைக் கடிந்திருக்க வேண்டும். கடியவில்லை. ஏனெனில் இரண்டு மாதங்களுக்கு முன்னர் அதே மஞ்சள் விளக்கு எனக்கும் எரிந்திருந்தது. அதை அணைக்க நான் பட்ட பாட்டை அவரும் படவேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று சொல்லியிருக்கலாமோ என்று பின்னர் பலமுறை எண்ணியதுண்டு.

என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இருபது ஆண்டுகளாக ஓட்டிய பழைய வண்டியை விற்றுவிட்டு, 2025இன் நடுப்பகுதியில் இந்தியத் தயாரிப்பான புதிய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். செப்டெம்பரில் ஒரு காலை கொட்டகலையைத் தாண்டி, சென்கிளயர் நீர்வீழ்ச்சி தெரியும் வளைவை நெருங்கும்போது மீட்டரில் இயந்திர வடிவிலான சிறிய மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டியை ஓரங்கட்டினேன். மழைத் தூறல், மூட்டம். இயந்திரத்தின் சத்தத்தில் மாற்றமில்லை, இழுவையும் குறையவில்லை. சாவியை மூடித் திறந்தேன். சாவியைத் திருப்பியதும் அந்த விளக்கு எரிவது இயல்பு. விளக்கு வேலை செய்கிறது என்று காட்டுவதற்காக எரிந்து, இயந்திரம் இயங்கத் தொடங்கியதும் அணைந்துவிட வேண்டும். எனது வண்டியில் அது அணையவில்லை.

ஆசனத்தின் கீழிருந்து கையேட்டை எடுத்துப் புரட்டினேன். ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிடப்பட்டிருந்தது. விளக்கின் படத்துக்கு எதிரே, அருகிலுள்ள அங்கீகரிக்கப்பட்ட சேவை நிலையத்தை நாடவும் என்ற பொருளில் ஒரே ஒரு வரி. ஓட்டலாமா, நிறுத்த வேண்டுமா? மெதுவாக ஓட்டினால் போதுமா? விளக்கு நிலையாக எரிவதற்கும் விட்டுவிட்டு மின்னுவதற்கும் வேறுபாடு உண்டா? எதுவும் இல்லை. சங்கிலிக்கு எண்ணெய் போடுவது எப்படி என்று நான்கு படங்களோடு விளக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மட்டும் ஒரு வரிதான் கிடைத்தது.

விற்பனை நிலையத்துக்குத் தொலைபேசினேன். ஹட்டனில் வண்டியை விற்கும் முகவருக்கு அந்த விளக்கைப் 'பார்க்கும்' கருவி இல்லையாம். கண்டிக்குக் கொண்டு செல்ல வேண்டுமாம். ஓட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்டேன். "ஓட்டாம கொண்டுபோறது நல்லது சேர்" என்றார் மறுமுனையில் இருந்தவர். ஓட்டாமல் கொண்டுபோவதென்றால் லொறியில்தான். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதையில் என் புதிய வண்டி கயிறு கட்டிப் படுத்துக்கொண்டு வந்தது. நான் லொறிச் சாரதியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கண்டியில் ஓர் இளைஞர் ஆசனத்தைக் கழற்றி, சிவப்பு நிற ஆறுமுனை இணைப்பான் ஒன்றில் கையடக்கக் கருவியைச் செருகினார். பத்து விநாடி. பிறகு மின்கலத்தின் முனையிலிருந்த திருகாணியை ஒரு சுற்று இறுக்கினார். கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினார். விளக்கு அணைந்தது. திரையில் என்ன வந்தது என்று கேட்டேன். "சொன்னாலும் விளங்காது சேர், அது கம்பனி கோட்" என்றார். பத்திரிகைக்காரனின் பிடிவாதத்தோடு அவரது தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்திருந்தேன். பீ 0562. மின்னழுத்தம் குறைவு என்பது அதன் பொருள். குண்டும் குழியுமான பாதையில் ஓடியதில் மின்கல முனை தளர்ந்திருக்கிறது. கட்டுப்பாட்டுக் கணினிக்குப் போதிய மின்னழுத்தம் கிடைக்காத கணங்களை அது பதிவு செய்திருக்கிறது. இதில் 'கம்பனி' இரகசியம் ஏதும் இல்லை. உலகமெங்கும் கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் பொதுவாகப் பயன்படும் எண் அது.

லொறிக் கூலியும் பில்லும் சேர்ந்து பதினாறாயிரம் ரூபாவைத் தாண்டியது. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட 1,350 ரூபா நாட்சம்பளத்தின்படி அது பன்னிரண்டு நாள் கொழுந்து. ஒரு திருகாணியை ஒரு சுற்றுச் சுற்றுவதற்கு!

இந்த விளக்கு எங்கிருந்து வந்தது என்று அறிந்தபின்னர் எனது எரிச்சல் இரட்டிப்பாயிற்று. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் புகைமூட்டத்தோடு பல தசாப்தங்கள் போராடிய கலிபோர்னியா மாநிலத்தின் காற்றுவள சபை, 1988ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து கார்கள் தமது பழுதைத் தாமே கண்டறிந்து ஓட்டுநருக்கு விளக்கினால் அறிவிக்க வேண்டும் என்று விதித்தது. பழுதடைந்த இயந்திரம் கூடுதல் நஞ்சைக் கக்கும், ஆகவே பழுதை உடனே தெரிந்து உடனே திருத்தவேண்டும் என்பதே நோக்கம். முதலில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் இணைப்பான், தனக்கென ஓர் எண்முறை என்று வைத்துக்கொண்டது. 1996இல் அமெரிக்கா முழுவதும் அதற்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது: ஒரே வடிவ இணைப்பான், ஒரே எண்முறை. அதற்கு முன்னரே, 1990இல் திருத்தப்பட்ட அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம், மாசு தொடர்பான பழுது திருத்தும் தகவல்களை எந்தத் திருத்துநருக்கும் வழங்கவேண்டிய கடமையை உற்பத்தியாளர்மீது சுமத்தியிருந்தது. அதாவது, தெருமுனைக் கராஜும் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே பொதுமொழியாக்கப்பட்ட விளக்கு இது. அதைத்தான் இங்கே 'கம்பனி கோட்' என்கிறார்கள்.

ஹொண்டாவின் பல மாதிரிகளில் கருவிகூடத் தேவையில்லை. பழுது இருந்தால் விளக்கே கண்சிமிட்டி எண் சொல்லும். நீண்ட சிமிட்டல் பத்து, குறுகிய சிமிட்டல் ஒன்று. எண்ணத் தெரிந்த எவரும் வாசிக்கலாம். எதிரே வைத்துப் பார்க்க ஓர் அட்டவணை இருந்தால் போதும். அந்த அட்டவணையை ஒரு பக்கத்தில் தமிழில் அச்சிட்டு வண்டியோடு கொடுக்க எவ்வளவு செலவாகும் என்று அச்சகத்தோடு முப்பது வருடம் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எனக்கு ஓரளவு தெரியும். ஒரு தேநீர் விலைகூட ஆகாது.

இந்த நிலைக்கு நாம் வந்துசேர்ந்த விதத்தையும் சொல்லவேண்டும். இந்தியாவில் 2020 ஏப்ரல் 1ஆம் திகதி பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசுக்கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. நான்காம் கட்டத்திலிருந்து ஐந்தைத் தாண்டி நேரே ஆறுக்குப் பாய்ந்தார்கள். அதோடு அந்நாட்டுச் சந்தையில் மோட்டார் சைக்கிள்களின் காபரேட்டர் ஏறக்குறைய ஓய்வுபெற்றது. அதன் இடத்தில் இன்ஜெக்டர், ஒட்சிசன் சென்சர், கட்டுப்பாட்டுக் கணினி, மஞ்சள் விளக்கு. 2023 ஏப்ரலில் இரண்டாம் கட்டக் கண்காணிப்பு விதியும் சேர்ந்துகொண்டது. ஏற்றுமதிக்கென்று காபரேட்டர் வண்டிகள் தொடர்ந்து தயாராயின என்பது உண்மை. ஆனாலும் தொழில்நுட்பத்தின் போக்கு அன்றே முடிவாகிவிட்டது.

அதே 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. முதலில் தற்காலிகம் என்றார்கள். பிறகு அந்நியச் செலாவணி வற்றியது, 2022 வந்தது, கியூஆர் அட்டையைக் காட்டி மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோல் வாங்கினோம். 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது. அந்த ஐந்தாண்டுகளும் எங்கள் கராஜ்கள் பழைய வண்டிகளைத்தான் பிரித்துப் பூட்டிக்கொண்டிருந்தன. இன்ஜெக்டர் வண்டிகள் முன்னரே சில வந்திருந்தன, விரல்விட்டு எண்ணக்கூடியவை. கதவு திறந்த அன்று, அயல்நாட்டில் ஐந்தாண்டுகளில் படிப்படியாக நடந்த மாற்றம் எங்கள் ஊர் மெக்கானிக்கின் வாசலில் ஒரே காலையில் வந்து நின்றது. அதற்கென்று ஒரு பயிற்சி வகுப்போ, தமிழில் ஒரு துண்டுப்பிரசுரமோ அவர் கைக்கு வரவில்லை.

இதில் பத்திரிகைகளுக்கும் பங்குண்டு. இறக்குமதி திறக்கப்பட்ட வாரங்களில் எந்த வண்டிக்கு எவ்வளவு வரி, எது எப்போது வரும் என்று பக்கம் பக்கமாக எழுதினோம். முழுப்பக்க விளம்பரங்களையும் வாங்கிப் போட்டோம். வந்த வண்டியைத் திருத்தப்போவது யார் என்று ஒரு பத்திகூட எழுதவில்லை. நானும் எழுதவில்லை.

மலையகத்து மெக்கானிக்கை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் ஊர்களில் அவரை 'பாஸ்' என்போம். ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். கொத்தனாரும் பாஸ், தச்சரும் பாஸ், மெக்கானிக்கும் பாஸ். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பின் ஐந்தில் நான்கு பங்குதான். கொழும்பில் சீராக ஓடிய காபரேட்டர் வண்டி நானுஓயாவுக்கு ஏறும்போது காற்றுக் குறைந்து, பெற்றோல் மிகுந்து, கறுப்புப் புகை கக்கித் திணறும். பாஸ் பிளக்கைக் கழற்றி, அதில் படிந்த கரியின் நிறத்தைப் பார்த்து, காபரேட்டர் ஊசியை ஒரு படி இறக்கி, திருகை அரைச்சுற்றுத் திருப்பி, காதை வைத்துக் கேட்டு, "இப்ப போங்க" என்பார். எந்தக் கல்லூரியும் அவருக்கு அதைக் கற்பிக்கவில்லை. வளிமண்டல அழுத்தம் என்ற சொல்லைக்கூட அவர் கேட்டிருக்கமாட்டார். ஆனால் அதைக் கையால் அறிந்தவர்.

புதிய வண்டியில் அந்த வேலையைச் சென்சரும் கணினியும் செய்கின்றன. அழுத்தம் குறைந்தால் பெற்றோலைத் தானே குறைத்துக்கொள்கிறது. குளிர்காலை ஐந்து மணிக்கும் ஒரே அழுத்தில் இயங்குகிறது. இது மலைநாட்டுக்கு வந்த வரப்பிரசாதம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. பழைய வண்டியைக் காலால் உதைத்து உதைத்து முழங்காலைக் கெடுத்துக்கொண்டவன் நான். காபரேட்டருக்காகக் கண்ணீர் விடமாட்டேன். தொழில்நுட்பத்தை எதிர்த்து எழுதுகிறேன் என்று யாராவது முத்திரை குத்த வந்தால் அவர்கள் இந்தப் பந்தியை மறுபடி வாசிக்கட்டும். என் கேள்வி ஒன்றே ஒன்றுதான். பாஸின் கையிலிருந்த அறிவை வண்டி வாங்கிக்கொண்டது. வண்டி தன்னைப்பற்றிச் சொல்வதை வாசிக்கும் உரிமையை மட்டும் ஏன் அவரிடமிருந்து எடுத்துக் கண்டியிலும் கொழும்பிலும் பூட்டி வைத்தீர்கள்?

டிக்கோயா இளைஞரின் வண்டிக்கு வருகிறேன்.

அவரது தாயார் முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவர். ஊழியர் சேமலாப நிதியாகக் கிடைத்த பணத்தில் ஒரு பகுதி அந்த வண்டியின் முற்பணமானது, மீதி லீசிங். தோட்டங்களில் இது புதிதல்ல. ஒரு தலைமுறையின் முதுகுவலி அடுத்த தலைமுறையின் முச்சக்கர வண்டியாகவோ மோட்டார் சைக்கிளாகவோ மாறுவதை நாற்பது வருடமாகப் பார்த்து வருகிறேன். அதைக் குறை சொல்பவர்கள், லயத்திலிருந்து பிரதான வீதிக்கு மூன்று மைல் நடந்து பார்க்கவேண்டும்.

அவருக்கு எரிந்த விளக்கு என்னுடையதைப்போல அற்பமானதல்ல. இயந்திரத்தில் தீப்பொறி சில சுற்றுகளில் தவறிக்கொண்டிருந்தது. எரியாத பெற்றோல் சைலன்சருக்குள் போய், அங்கே நச்சுப் புகையைச் சுத்திகரிக்கும் வினையூக்கிப் பாகத்தில் எரிந்தது. இதைக் கணினி கண்டுபிடித்துவிட்டது. விளக்கை எரிய வைத்தது. சிலவேளை மின்னவும் வைத்தது. பல வண்டிகளில் மின்னும் விளக்குக்குப் பொருள், உடனே வேகத்தைக் குறைத்து நிறுத்து என்பது. யார் அவருக்குச் சொன்னார்கள்? விற்றபோது சொல்லவில்லை. கையேட்டில் இல்லை. பக்கத்துக் கராஜில் காட்டினார். அந்தப் பாஸ் நல்ல மனிதர், கைநேர்மையானவர். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டு, வயர் இணைப்புகளை இழுத்துப் பார்த்துவிட்டு, "கருவி இல்லாம இதுல நான் கை வைக்கக்கூடாது தம்பி" என்று அனுப்பிவிட்டார். பணமும் வாங்கவில்லை.

கண்டிக்குப் போக ஒரு விடுமுறை நாளைப் பார்த்துக்கொண்டிருந்தார் அவர். அதற்குள் நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலை சரிந்தது, பாதைகள் அறுந்தன, பஸ் இல்லை, ரயில் இல்லை. மண்மேட்டின் ஓரத்தில் ஒற்றையடியாகக் கடக்கக்கூடியது மோட்டார் சைக்கிள் மட்டுமே. அந்த நாட்களில் அவரது வண்டி வேலைக்கு மட்டும் ஓடவில்லை. மருந்துக்கு, பால்மாவுக்கு, அரிசிக்கு என்று லயத்தில் பாதிப்பேருக்காக ஓடியது. டேப்பின் கீழே விளக்கு எரிந்துகொண்டே இருந்திருக்கும். டிசம்பர் நடுவில் ஒரு ஏற்றத்தில் வண்டி இழுவையிழந்து நின்றது. சைலன்சர் சிவந்து பழுத்திருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

கண்டிக்குப் போன வண்டிக்குக் கிடைத்த பதில் இதுதான்: வினையூக்கிப் பாகம் உருகிவிட்டது, சைலன்சரை முழுதாக மாற்ற வேண்டும். உத்தரவாதம் பொருந்தாது. காரணங்கள் இரண்டு. எச்சரிக்கை விளக்கைப் புறக்கணித்து ஓட்டியிருக்கிறீர்கள். வெளிக் கராஜில் திறந்திருக்கிறீர்கள்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளக்கின் பொருளை அவருக்கு விளங்கும் மொழியில் எங்கும் எழுதமாட்டீர்கள். ஆனால் அதைப் புறக்கணித்தது அவர் குற்றம். விளக்கைப் பார்க்கும் கருவியை நீங்கள் வண்டி விற்கும் ஊரில் வைக்கமாட்டீர்கள். ஆனால் அந்த ஊரில் இருப்பவரிடம் காட்டியதும் அவர் குற்றம். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் இந்நாட்டின் அரச கரும மொழியாக்கியது. கிராம சேவகரின் படிவத்தைத் தமிழில் கேட்க எமக்கு உரிமை உண்டு. ஆறேழு இலட்சம் ரூபா கொடுத்து வாங்கும் இயந்திரத்தின் எச்சரிக்கையைத் தமிழில் கேட்டால் மட்டும் சிரிக்கிறார்கள்.

இறக்குமதியாளர் தரப்பில் சொல்லப்படும் ஒரு நியாயத்தை நேர்மையாக எடுத்துக்கொள்ள வேண்டும். தெருக் கராஜ்களில் மின்னணுப் பாகங்களைக் கெடுத்துவிடுகிறார்கள் என்கிறார்கள். பொய்யில்லை. பெரிய ஹோர்ன் பூட்டுவதற்காகவும் கூடுதல் விளக்குப் போடுவதற்காகவும் வயர்த்தொகுதியை இடையில் சீவி முறுக்கிவிடும் கைங்கரியத்தை நானே பார்த்திருக்கிறேன். சத்தத்துக்காகச் சைலன்சரை மாற்றும்போது ஒட்சிசன் சென்சரின் வயரைப் பிய்த்தெறிகிறார்கள். உயர் அழுத்த நீரைப் பாய்ச்சிக் கழுவி இணைப்பான்களுக்குள் தண்ணீரை ஏற்றுகிறார்கள். விளக்கு எரிந்தால் விளக்கின் இணைப்பையே வெட்டிவிடும் வைத்தியரும் உண்டு. காய்ச்சலுக்கு வெப்பமானியை உடைப்பதைப் போன்றது அது. இவற்றையெல்லாம் மறைத்துவிட்டு எம்மவரெல்லாம் அப்பாவிகள் என்று எழுதினால் என் பாஸ் நண்பர்களே என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆனால் அறியாமையைக் காட்டி அறிவை மறுப்பது என்ன நியாயம்? கற்றுக்கொடுக்காததால் கெடுக்கிறார்கள், கெடுப்பதால் கற்றுக்கொடுக்கமாட்டோம் என்றால் அந்த வட்டத்துக்கு முடிவே இல்லை. அந்த வட்டத்தில் யாருக்கு இலாபம் என்பதும் வெளிப்படை. திருகாணி இறுக்கிய பில் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

உலகம் இந்தக் கேள்வியை எப்போதோ கேட்டுவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டின் 168ஆம் இலக்க ஒழுங்குவிதி குறிப்பாக இருசக்கர, முச்சக்கர வாகனங்களுக்கானது. பழுது பார்க்கும் தகவல்களை, நிறுவனத்தின் அங்கீகாரம் பெறாத திருத்துநர்களுக்கும் தடையின்றி வழங்கவேண்டும் என்று அது உற்பத்தியாளர்களைக் கட்டாயப்படுத்துகிறது. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் இதே உரிமையைப் பொதுவாக்கெடுப்புக்கு விட்டபோது நூற்றுக்கு 86 பேர் ஆதரித்தனர். எங்களுக்கு வண்டி அனுப்பும் இந்தியாவிலேயே, உதிரிப்பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளிக் கராஜ்களுக்குக் கொடுக்காமல் சந்தையை மூடிவைத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு அந்நாட்டின் போட்டி ஆணையம் 2014 ஓகஸ்டில் 2,544 கோடி இந்திய ரூபா அபராதம் விதித்தது. மேன்முறையீடுகள் நீண்டன, அது வேறு கதை. 2022இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென அங்கே அரசு ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று.

இங்கே 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. 1977 என்ற தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. அரிசி விலை கூடினால் அழைக்கிறோம், முட்டை விலை கூடினால் அழைக்கிறோம். இந்நாட்டில் பதிவான வாகனங்களில் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்கள். அவற்றின் பழுது எண்ணைப் பார்ப்பதும் ஒரு நுகர்வோர் உரிமை என்று எந்தப் பாராளுமன்ற உறுப்பினராவது எழுந்து பேசியதாக என் நினைவில் இல்லை. மலையக உறுப்பினர்களையும் சேர்த்தே சொல்கிறேன். சம்பளம், காணி, வீடு என்று பேசவேண்டியவை அவர்களுக்கு நிறைய உண்டு என்பதை அறிவேன். ஆனால் சம்பளத்தை உயர்த்தும் கூட்டத்துக்கு இளைஞர்கள் வந்துசேர்வது இந்த வண்டிகளில்தான்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஒரு மாதிரியை இறக்குமதி செய்ய அனுமதி கேட்பவர், அதன் பழுது எண் அட்டவணையைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிட்ட பின்னரே அனுமதி பெறட்டும். வண்டி விற்கும் ஒவ்வொரு முகவரும் அதை வாசிக்கும் கருவி ஒன்றை வைத்திருக்கட்டும். வாசித்த எண்ணைப் பில்லில் எழுதிக் கொடுக்கட்டும். வெளிக் கராஜில் காட்டியதாலேயே உத்தரவாதம் செத்துவிடாது, அங்கே நடந்த வேலையால்தான் பழுது வந்தது என்று நிறுவனமே நிரூபிக்க வேண்டும் என்று ஒரு விதி வரட்டும். தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தொழிற்பயிற்சி அதிகார சபைக்கு நிலையங்கள் பல உள்ளன. ஏற்கெனவே தொழில் செய்யும் பாஸ்மார்களுக்கு, அவர்கள் கராஜை மூடாமல் வரக்கூடிய ஞாயிறு வகுப்புகளைத் தமிழில் நடத்தட்டும். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கான ஆறுமாதக் கற்கைநெறியைச் சொல்லவில்லை. ஐம்பது வயதுப் பாஸுக்குப் பரீட்சை வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். அந்தக் கருவியைக் கையில் கொடுத்து நான்கு ஞாயிறு பக்கத்தில் நின்றால் போதும்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியின் சத்தமும் இழுவையும் மாறாமல் இருந்தால் மெதுவாக ஓட்டி ஊர் சேரலாம்; விளக்கு மின்னினாலோ, வண்டி குலுங்கினாலோ, சிவப்பு விளக்கு ஏதும் எரிந்தாலோ நிறுத்திவிடுங்கள். முதலில் மின்கல முனைகளைப் பாருங்கள். லயத்து ஓரத்தில் நிறுத்துபவர்கள் எலி கடித்த வயர் ஏதும் உண்டா என்று பாருங்கள். குளிருக்கு இயந்திரச் சூட்டைத் தேடி எலி வரும். விளக்கு எரிந்த திகதியையும் ஓடிய தூரத்தையும் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை நிலையத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள், தொலைபேசியோடு நிறுத்தாதீர்கள். சேவை நிலையத்தில் எண்ணைக் கேளுங்கள். விளங்காது என்று சொன்னால், விளங்காவிட்டாலும் எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள்.

அந்த இளைஞர் இப்போது பஸ்ஸில் வேலைக்குப் போகிறார். லீசிங் தவணை மாதாமாதம் போகிறது. வண்டி லயத்து வாசலில் ஒரு கித்தான் துணியின் கீழ் நிற்கிறது. சைலன்சருக்கான விலையைக் கேட்டுவிட்டு வந்த அன்று அவரது தாயார் என்னிடம், "தொரைங்க காலத்துல மெசினு கெட்டா பிட்டர் ஐயா வருவாரு. இப்ப மெசினு நம்மளதாப் போச்சி, ஆள் மட்டும் வரமாட்டேங்குறாங்க" என்றார்.

டிக்கோயா பாஸ் அண்மையில் ஒரு வேலை செய்தார். சில ஆயிரம் ரூபாவுக்குக் கையடக்கக் கருவி ஒன்றையும், அதற்கான ஆறுமுனை இணைப்பானையும் கொழும்பிலிருந்து வரவழைத்திருக்கிறார். எல்லா வண்டிகளோடும் அது பேசுவதில்லை. பேசும் வண்டிகளில் எண்ணும் ஆங்கிலத்தில் ஒரு வரியும் வருகிறது. அவருக்கு ஆங்கிலம் வராது. திரையைப் படம்பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நான் தமிழில் எழுதி அனுப்புகிறேன். ஒரு கொப்பியில் எண்களை வரிசையாகக் குறித்து வைத்திருக்கிறாராம். இதுவரை பதினேழு சேர்ந்திருக்கின்றன. நேற்றிரவு ஒன்பதரைக்கு வந்த படத்தில் பீ 0131 என்றிருந்தது. ஒட்சிசன் சென்சர், மின்னழுத்தம் குறைவு, முதலில் வயரைப் பாருங்கள் என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "எலி."